செவித்திறன் குறைந்த துப்பாக்கி சுடும் வீரர்கள் மின்னணுக் காதுக்கவசத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

துப்பாக்கி சுடும் தளத்தில் ஒலிக்கும் கட்டளைகளில் ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’ என்னும் இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே ஒலிப்பவை. இறுதியில் வரும் மெல்லிய மெய்யொலிதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. காது நன்றாக இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. என் இடக்காதின் கேட்கும் திறன் குறைந்து சில ஆண்டுகள் ஆன பிறகு, சாதாரணக் காதுமூடியை அணிந்துகொண்டு ஐம்பது மீட்டர் தடத்தில் நான் படுத்திருந்த ஒரு காலையில், தள அதிகாரி ‘ஸ்டாப்’ என்றார். என் காதில் அது ‘ஸ்டார்ட்’ என்று விழுந்தது. துப்பாக்கியில் தோட்டா இருந்தது. விரல் விசையைத் தொடுவதற்குள் பின்னால் நின்ற பயிற்சியாளர் என் தோளை அழுத்திப் பிடித்துவிட்டார். அன்று யாருக்கும் எதுவும் நேரவில்லை. ஆனால் காதுக்கவசத்தின் வேலை சத்தத்தை அடைப்பது மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்த நான், கேட்க வேண்டியதைக் கேட்கவைப்பதும் அதன் வேலைதான் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். செவித்திறன் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடங்கள் பல உண்டு. அந்த இடங்களில் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆடியோகிராம், பிறகுதான் கடை

எந்தக் கருவியையும் விலை கேட்பதற்கு முன்னால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ செவித்திறன் நிபுணரிடமோ சென்று ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் உங்களுக்குக் கேட்கும் மிகக் குறைந்த ஒலி எத்தனை டெசிபல் என்பதை, இரண்டு காதுகளுக்கும் தனித்தனியே அந்தத் தாள் காட்டும். துப்பாக்கிச் சத்தத்தால் பாதிக்கப்பட்ட காதில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி, கோடு சட்டென்று பள்ளத்தில் இறங்கி மீண்டும் சற்று ஏறும். உட்செவியின் நத்தைக்கூட்டில் அந்த அதிர்வெண்களை உணரும் மயிரணுக்கள் வாயிலுக்கு அருகில் இருக்கின்றன. அதிர்ச்சியான ஒலியில் முதலில் அழிபவை அவையே. மனிதக் காதில் அவை மறுபடியும் முளைப்பதில்லை.

இரண்டு காதுகளின் கோடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலக்கைக்காரர் ரைஃபிளையோ ஷாட்கன்னையோ தோளில் வைத்துத் தலையைச் சாய்க்கும்போது, இடக்காது குழல்வாயை நோக்கித் திரும்புகிறது. வலக்காதோ தலையின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது. ஆகவே நீண்ட துப்பாக்கிகளைச் சுடும் வலக்கைக்காரர்களுக்கு இடக்காதே கூடுதலாகக் கெடுகிறது. இடக்கைக்காரர்களுக்கு இது தலைகீழ். என் தாளில் 4000 ஹெர்ட்ஸில் இடக்காது 65 டெசிபல், வலக்காது 40 டெசிபல். இந்த இடைவெளி ஒரு நோய்க்குறிப்பு மட்டும் அன்று. வெளி ஒலியை மைக்கில் வாங்கி உள்ளே அளவோடு ஒலிக்கும் மின்னணு மூடிகளில், இரண்டு காதுகளுக்கும் தனித்தனி ஒலிக்கட்டுப்பாடு உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்று அது எனக்குச் சொன்னது. துப்பாக்கியால் விளக்க முடியாத இடைவெளி இருந்தாலோ, ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானாலோ, கவசம் வாங்குவதை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரிடம் காரணத்தைக் கண்டறியுங்கள்.

உயர் அதிர்வெண்கள் குறைந்த காதுக்குப் பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். ஸ், ச், ட், த், ப், க் போன்ற மெய்களின் மெல்லிய வெடிப்பும் உரசலும் மேலே இருப்பதால், என்ன பேசினார்கள் என்பது தெரியாமல் போகும். சாதாரணக் காதுமூடியின் இயல்பை இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு நல்ல மூடி 125 ஹெர்ட்ஸில் பத்துப் பதினைந்து டெசிபல் அளவுக்கே அடைக்கும். 4000 ஹெர்ட்ஸிலோ 35 டெசிபல் வரை அடைக்கும். உங்களிடம் எது குறைவாக இருக்கிறதோ அதையே மூடியும் கூடுதலாகப் பறித்துக்கொள்கிறது. நலமான காதுள்ள நண்பர் இருநூறு ரூபாய் மூடியைப் போட்டுக்கொண்டு எல்லாக் கட்டளைகளையும் கேட்பதும், அதே மூடியில் நீங்கள் தடுமாறுவதும் இதனால்தான். கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடைக்கும் வேலையைச் செய்வது கிண்ணம்

விற்பனையாளர்கள் பெரும்பாலும் மின்னணுப் பகுதியைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் உங்கள் காதைக் காப்பது காதைச் சுற்றி மூடும் கிண்ணமும் அதன் விளிம்பில் உள்ள மெத்தையும்தான். வெளியே உள்ள மைக் சுற்றுப்புற ஒலியை வாங்குகிறது. உள்ளே உள்ள சிறு ஒலிபெருக்கி அதைத் திருப்பிச் சொல்கிறது. வெளியே ஒலி எவ்வளவு உயர்ந்தாலும் அந்த ஒலிபெருக்கி ஒரு வரம்புக்கு மேல், பெரும்பாலான கருவிகளில் 82 டெசிபலை ஒட்டி, ஒலிக்காமல் கட்டுப்படுத்தப்படுகிறது. மின்சுற்று செய்வது இவ்வளவே. பேட்டரி தீர்ந்தாலும் கிண்ணம் அடைத்துக்கொண்டேதான் இருக்கும். எனவே விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லப்படும் ‘இத்தனை மில்லி விநாடியில் ஒலியைத் துண்டிக்கும்’ என்ற எண், உங்கள் காது காக்கப்படுமா என்பதைத் தீர்மானிப்பதில்லை. வெடிக்குப் பிறகு பேச்சு எவ்வளவு விரைவில் திரும்பும் என்பதே உங்களுக்கு முக்கியம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

எவ்வளவு அடைப்பு தேவை என்பது துப்பாக்கியைப் பொறுத்தது. .22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளின் உச்ச ஒலி ஏறக்குறைய 140 டெசிபல். ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி 160 டெசிபலை ஒட்டி ஒலிக்கும். 12 கேஜ் ஷாட்கன் 150க்கும் 165க்கும் இடையில் இருக்கும். பெரிய ரைஃபிள்கள் அதையும் தாண்டும். வெடியொலி போன்ற திடீர் ஒலிகளுக்குப் பெரியவர்களின் காது தாங்கும் எல்லையாக 140 டெசிபல் உச்ச ஒலியைத்தான் வரையறுத்திருக்கிறார்கள். நலமான காதுக்கான எல்லை அது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு வாழும் காதுக்கு அந்த எல்லையின் ஓரத்தில் நிற்கக்கூடப் பரிந்துரைக்க மாட்டேன். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி மட்டும் சுடுபவர்களுக்கு இந்த அச்சம் இல்லை. ஆனால் பக்கத்துத் தடத்தில் .22 சுடுகிறார்கள் என்றால் அவர்களும் கவசம் அணிய வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் என்.ஆர்.ஆர். என்னும் எண் அமெரிக்க முறையில் அளந்த அடைப்புத்திறன், எஸ்.என்.ஆர். என்பது ஐரோப்பிய முறை. ஒரே மூடிக்கு எஸ்.என்.ஆர். எண் சில டெசிபல் கூடுதலாகவே இருக்கும் என்பதால், ஒரு மூடியின் என்.ஆர்.ஆரையும் இன்னொன்றின் எஸ்.என்.ஆரையும் ஒப்பிட்டு ஏமாந்துவிடாதீர்கள். ஐரோப்பியப் பெட்டியில் உயர், நடு, தாழ் அதிர்வெண்களுக்கு எச், எம், எல் என்று மூன்று எண்கள் தனியே இருக்கும். அவற்றுள் எல் என்பது தாழ்ந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அடைக்கும் என்பதைக் காட்டுவது. பெரிய துப்பாக்கி சுடுபவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த எண்கள் ஆய்வகத்தில் தொடர்ச்சியான இரைச்சலை வைத்துக் கவனமாக அணிவித்து அளந்தவை. அமெரிக்காவின் தொழில்நலக் கழகமான நியாஷ், மூடியின் எண்ணில் நான்கில் ஒரு பங்கையும், உருட்டிச் செருகும் நுரை அடைப்பானின் எண்ணில் பாதியையும் கழித்துக்கொண்டு கணக்கிடும்படி 1998இல் பரிந்துரைத்தது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். பலரும் வாங்கும் ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் மூடியின் என்.ஆர்.ஆர். 22. நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 16 தேறும். 160 டெசிபல் கைத்துப்பாக்கிக்கு அதை அணிந்தால் உள்ளே 144 வரும்; எல்லைக்கு மேலேயே நிற்கிறது. என்.ஆர்.ஆர். 26 உள்ள 3எம் பெல்டார் ஸ்போர்ட் டாக்டிக்கல் 500க்கு இதே கழிவைப் போட்டால் 140ஐத் தொட்டு நிற்கும். .22க்கு இவ்விரண்டில் எதுவும் போதும். அதைவிடப் பெரிய துப்பாக்கிகளுக்கும், கூரையும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும் உள்ளரங்கத் தளங்களுக்கும், பின்னுதைப்பைக் குறைக்கும் பிரேக்கைக் குழல்வாயில் பொருத்திய ரைஃபிள் பக்கத்தில் வெடிக்கும் இடங்களுக்கும், மூடிக்குள் நுரை அடைப்பானும் சேர்ந்த இரட்டைக் காப்புதான் சரி. இரண்டையும் அணிந்தால் எண்கள் இரண்டும் கூடிவிடாது. பெரிய எண்ணோடு ஏறக்குறைய ஐந்து டெசிபல் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எவ்வளவு அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பின் வழியாக ஒலி உள்ளே வந்துவிடும்.

இரட்டைக் காப்பில் மறைந்திருக்கும் சிக்கல்

நலமான காதுள்ளவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் எல்லாம், ‘நுரை அடைப்பானைச் செருகி மேலே மின்னணு மூடியைப் போட்டு ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. செவித்திறன் குறைந்தவருக்கு அந்த வரி பெரும்பாலும் பலிக்காது. ஏன் என்பதை ஒரு தோராயக் கணக்கால் காட்டுகிறேன். மூடியின் ஒலிபெருக்கி தரக்கூடிய உச்சம் 82 டெசிபல். காதுக்குள் நன்றாகச் செருகிய நுரை அடைப்பான் அதில் 30 டெசிபலை எடுத்துக்கொண்டால் செவிப்பறையை அடைவது 52 டெசிபல். மேல் அதிர்வெண்களில் 30 டெசிபல் குறைபாடு உள்ளவருக்கு அது போதும். 60 டெசிபல் குறைபாடு உள்ளவருக்கு, பொத்தானை எவ்வளவு திருகினாலும் அந்த அதிர்வெண்ணில் எதுவும் கேட்காது. மூடி பழுதாகிவிட்டது என்று எண்ணித் திருப்பி அனுப்பியவர்களை நான் அறிவேன். பழுது எதுவும் இல்லை. அந்தக் கருவியால் அவ்வளவு தூரம் எட்ட முடியவில்லை.

உங்கள் குறைபாடு லேசானதாக இருந்தால், அதாவது பேச்சு அதிர்வெண்களில் 40 டெசிபலுக்குள் இருந்தால், இரட்டைக் காப்பு உங்களுக்கு இயலும். அப்போது உள்ளே செருகுவதற்கு மிகப் பெரிய எண் கொண்ட நுரையைத் தேடாமல், எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், இசைக்கலைஞர்கள் அணிவது போன்ற அடைப்பானைப் பாருங்கள். மெய்யொலிகள் ஓரளவு பிழைத்து வரும். குறைபாடு அதைவிடக் கூடுதலாக இருந்தால் மூன்று வழிகள் உண்டு.

காதின் அச்செடுத்துச் செய்யப்படும் மின்னணு அடைப்பான் முதல் வழி. செவித்திறன் நிபுணர் காதுக்குள் மாவு போன்ற பொருளைச் செலுத்தி அச்செடுப்பார். அந்த வடிவத்தில் செய்த அடைப்பானுக்குள்ளேயே மைக்கும் ஒலிபெருக்கியும் இருக்கும். நல்ல தயாரிப்புகளில் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்துவது என்பதை உங்கள் ஆடியோகிராமை வைத்தே அமைக்கலாம். அடைப்பும் ஒலிபெருக்கமும் ஒரே இடத்தில், செவிப்பறைக்கு அருகிலேயே நடப்பதால் மேலே சொன்ன இழப்பு இல்லை. ரைஃபிள்காரர்களுக்கு இன்னொரு நன்மை, கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது கிண்ணம் இடிக்காது. விலை பல மடங்கு என்பது உண்மைதான். இருந்தாலும், நடுத்தரக் குறைபாடு உள்ளவர் ஒரே ஒரு பொருளுக்குப் பணம் சேர்க்க முடியுமானால், புதிய துப்பாக்கிக்கு முன்னால் இதற்குச் சேர்க்கட்டும் என்பேன். இரட்டைக் காப்பு வேண்டியபோது இதன் மேல் மின்னணு மூடியையும் போட்டுக்கொள்ளலாம். மூடி தரும் ஒலியை உள்ளிருக்கும் கருவி மறுபடி உயர்த்திக் கொடுக்கும்.

கேட்கும் கருவியை அணிந்துகொண்டு மேலே மின்னணு மூடி போடுவது இரண்டாவது வழி. இதைப் பற்றித் தவறான எண்ணங்கள் நிறைய இருப்பதால் தனியே எழுதுகிறேன். மூன்றாவது, கேட்பதை நம்பாமல் கண்ணை நம்புவது; அதுவும் கீழே வரும்.

கேட்கும் கருவியும் காதுமூடியும்

கேட்கும் கருவியை அணைத்துக் காதிலேயே விட்டுவைத்தால் அதுவே அடைப்பான் ஆகிவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. அது ஆபத்தான நம்பிக்கை. இன்று பலர் அணியும் கருவிகளின் சிலிக்கான் முனையில், சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்காமல் இருப்பதற்காகத் துளைகள் விடப்பட்டிருக்கும். அந்தத் துளைகளின் வழியே வெடியொலி நேராகச் செவிப்பறைக்குப் போகும். முழுக்காதையும் அடைக்கும் அச்சிலும் மெல்லிய காற்றுத்துளை இருப்பது வழக்கம். எந்த வகையானாலும், காப்புக் கருவி என்று சோதித்துச் சான்று தரப்படாத ஒன்றைக் காப்பாக எண்ணக் கூடாது.

மூடிக்குள் கேட்கும் கருவியை அணிந்துகொள்ளலாம். அதற்கு மூன்று விஷயங்கள் சரியாக அமைய வேண்டும். காதின் பின்னால் மாட்டும் கருவி முழுவதும் கிண்ணத்துக்குள் அடங்க வேண்டும். கருவியோ அதன் ஒயரோ மெத்தைக்கு அடியில் சிக்கினால் அந்த இடைவெளியில் ஒலி புகுந்துவிடும். ஆழமான, அகன்ற கிண்ணம் உள்ள மூடியே இதற்குப் பொருந்தும். மெலிந்த கிண்ணங்கள் பொருந்தா. அடுத்து, மூடிய இடத்தில் கருவி தன் ஒலியையே வாங்கிக் கீச்சிடும் வாய்ப்பு உண்டு. கீச்சிட்டால் ஒலியைக் குறைத்துப் பாருங்கள், நிற்காவிட்டால் அந்தச் சேர்க்கை உங்களுக்கு ஆகாது. கடைசியானதுதான் மிக முக்கியம். நிபுணரிடம் சென்று, சுடுதளத்துக்கென்றே தனி அமைப்பு ஒன்றைக் கருவியில் பதிந்து தரும்படி கேளுங்கள். கருவி தரக்கூடிய உச்ச ஒலி அந்த அமைப்பில் குறைவாக இருக்க வேண்டும், இரைச்சலைத் தானே குறைக்கும் வசதிகள் கட்டளைகளையும் சேர்த்து விழுங்காதபடி அடங்கியிருக்க வேண்டும். ‘தினசரி’ அமைப்போடு தளத்துக்குப் போனால், கிண்ணத்தைத் தாண்டி வரும் வெடியின் எதிரொலியைக் கருவி உங்களுக்காக உயர்த்திக் கொடுக்கும்.

நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் மூடி அணிந்தால் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கும். அந்த ஈரம் கேட்கும் கருவிக்குப் பகை. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் மூடியைக் கழற்றித் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கருவியை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். கழற்றுவதற்கு முன் எல்லாத் தடங்களிலும் சுடுவது நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மின்னணுப் பகுதியில் எதைப் பார்ப்பது

உரத்த ஒலி வரும்போது கருவி என்ன செய்கிறது என்பதே முதல் கேள்வி. பழைய, மலிவான வகைகள் ஒலிபெருக்கியை முழுவதுமாகத் துண்டித்துவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திறக்கும். நல்லவை ஒலியை அழுத்திச் சிறிதாக்கும், துண்டிப்பதில்லை. நான் முதலில் இணையத்தில் வாங்கிய மூடி, பெயரைச் சொல்ல விரும்பவில்லை, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு நொடியளவு ஊமையாகிவிடும். ஆறு தடங்களில் மாறிமாறிச் சுடும்போது அது பேசிய நேரத்தைவிட மௌனமாக இருந்த நேரமே அதிகம். கட்டளையின் முதல் பாதி எப்போதும் அந்த மௌனத்துக்குள் விழுந்தது. அதன் பெட்டியில் பெரிய என்.ஆர்.ஆர். எண் இருந்தது, எந்தத் தரநிலையின்படி அளந்தார்கள் என்ற குறிப்பு எங்கும் இல்லை. இன்று நான் பெட்டியில் முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான். ஐரோப்பியப் பொருளானால் மூடிக்கு ஈ.என். 352-4 என்றும் அடைப்பானுக்கு ஈ.என். 352-7 என்றும் இருக்கும். அமெரிக்கப் பொருளானால் ஏ.என்.எஸ்.ஐ. எஸ்3.19 என்றிருக்கும். அந்த வரி இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

அழுத்திச் சிறிதாக்கும் முறை செவித்திறன் குறைந்தவர்களுக்கு வேறொரு காரணத்தாலும் தேவை. கெட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலி சற்றே உயர்ந்ததும் சட்டென்று வலிக்கும் அளவுக்கு உரக்கும். கேட்கும் எல்லைக்கும் வலிக்கும் எல்லைக்கும் நடுவே உள்ள இடம் குறுகிப்போயிருக்கிறது. எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் உயர்த்தும் கருவியில் கட்டளை கேட்கும்படி திருகினால், தரையில் விழும் தோட்டா உறையின் கணீர் ஒலி ஊசியாகக் குத்தும். மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் உயர்த்தும் கருவியே உங்களுக்குப் பொருந்தும்.

இரண்டு கிண்ணங்களிலும் தனித்தனி மைக் இருக்க வேண்டும். ஒற்றை மைக்கில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. இரண்டு மைக் இருந்தாலும் காதுமடல் மூடப்பட்டிருப்பதால் முன்னா பின்னா என்று குழப்பம் வரும். தலையைச் சிறிது திருப்பிக் கேட்டால் அது தெளியும். இருகாதுகளிலும் குறைபாடு வேறுபட்டிருந்தால் தனித்தனி ஒலிக்கட்டுப்பாடு வேண்டும் என்று முன்பே சொன்னேன். உயர் அதிர்வெண்களை மட்டும் கூட்டும் வசதி சில மூடிகளில் இருக்கிறது. உங்களுக்கு அது அலங்காரம் அல்ல. திறந்தவெளியில் சுடுபவர்கள் மைக்கின் மேல் காற்றுத்தடுப்பு நுரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புளூடூத் இருந்தால் தொலைபேசிக்கு உதவும். தளத்தில் அதற்கு வேலை இல்லை.

பேட்டரியைப் பற்றி ஒரு சொல். நலமான காதுள்ளவருக்குப் பேட்டரி தீர்ந்தால் வசதிதான் குறையும். உங்களுக்குக் கட்டளையே அறுந்துபோகும். பெட்டிக்கடையில் கிடைக்கும் சிறிய பென்சில் செல்லில் ஓடும் மூடியே எனக்கு விருப்பம். பையில் இரண்டு செல்கள் எப்போதும் கிடக்கும். சில மூடிகள், மேலே சொன்ன இம்பாக்ட் ஸ்போர்ட் உட்பட, நான்கு மணி நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். நீண்ட பயிற்சி நாளில் அது எப்போது அணையும் என்று தெரிந்து, இடைவேளையிலேயே மறுபடி போட்டுவிடுங்கள்.

அணிந்து பார்க்காமல் வாங்காதீர்கள்

கூடுமானவரை, நீங்கள் சுடும்போது அணியும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியை அணிந்து பாருங்கள். தடித்த கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் அந்த இடைவெளி சில டெசிபல்களைத் தின்றுவிடும். காம்பு மெலிந்ததாகவும் தலையை ஒட்டியதாகவும் இருக்கட்டும். ஜெல் மெத்தை அதன்மேல் நன்றாகப் படிந்துகொள்ளும். பிறகு துப்பாக்கியைத் தோளில் வைக்கும் நிலையில், தளத்திலோ நண்பரின் மூடியை வைத்தோ, கன்னத்தைப் பதித்துப் பாருங்கள். கட்டை கிண்ணத்தின் கீழ்விளிம்பைத் தள்ளினால், ஒவ்வொரு முறை குறிபார்க்கும்போதும் அந்தக் காதில் கதவு திறந்துகொள்கிறது என்று பொருள். ரைஃபிளுக்கு, கீழ்ப்பகுதி ஒடுங்கிய கிண்ணமோ காதுக்குள் செருகும் வகையோ வேண்டும். கைத்துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை இல்லாததால் பெரிய கிண்ணத்தையே எடுங்கள்.

கேட்கும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். மூடியை அணிந்து ஒலியை வசதியான அளவில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை ஐந்தாறு எட்டுகள் தள்ளி உங்கள் முதுகுப்புறம் நிற்கச் சொல்லுங்கள். உதடு தெரியக் கூடாது. ‘கடை, தடை, படை, சடை’ என்ற சொற்களை மாற்றி மாற்றி, சாதாரணக் குரலில் அவர் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் மெய்யைத் தவிர வேறு வேறுபாடு இல்லாத சொற்கள் இவை. ஊகித்துத் தப்பிக்க முடியாது. பிறகு ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’ இரண்டையும் கலந்து இருபது முறை சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, அவர் ஒரு தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டிய கையோடு சொல்லைச் சொல்லட்டும். தட்டொலிக்குப் பின் வந்த சொல்லின் முதல் எழுத்து கேட்டதா என்று பாருங்கள். இதை மூன்று மூடிகளுக்குச் செய்தபோது, விலை கூடிய ஒன்றைவிட நடுவிலை மூடியே எனக்கு நன்றாகக் கேட்டது. என் காதுக்கு அப்படி. உங்கள் காதுக்கு வேறாக இருக்கலாம் என்பதால்தான் மூடியின் பெயரை எழுதவில்லை.

இந்தச் சோதனையில் ‘ஸ்டாப்’பை ஒரே ஒரு முறை தவறவிட்டாலும், கேட்பதை மட்டும் நம்பித் தளத்தில் இறங்காதீர்கள். சுடுவதற்கு முன் தள அதிகாரியிடம் சென்று, உங்கள் செவித்திறனைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லி, அவர் கண்ணில் படும் தடத்தைக் கேட்டு வாங்கி, தோளைத் தொடுவது அல்லது கொடி அல்லது விளக்கு என்று ஒரு சைகையை உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. செவித்திறன் குறைந்தோருக்கான டெஃப்லிம்பிக்ஸில் துப்பாக்கி சுடுதல் நெடுங்காலமாக நடந்துவருகிறது. நல்ல காதிலும் 55 டெசிபல் குறைபாடு உள்ளவர்கள் அதில் பங்கேற்கிறார்கள், போட்டியின்போது கேட்கும் கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டே சுடுகிறார்கள். 2022இல் பிரேசிலின் காசியஸ் தோ சுல் நகரில் நடந்த போட்டியில் இந்தியாவின் தனுஷ் ஸ்ரீகாந்த் பத்து மீட்டர் காற்று ரைஃபிளில் தங்கம் வென்றார்.

வழக்கமான போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகள், செய்தி வாங்கும் கருவி பொருத்திய காதுக்கவசத்தை வீரர்கள் அணிவதைத் தடுக்கின்றன. மின்னணு மூடியோடு பயிற்சி செய்துவிட்டுப் போட்டி நாளன்று உபகரணச் சோதனை மேசையில் தடுமாறக் கூடாது. ஆடியோகிராமின் நகலையும் மருத்துவர் கடிதத்தையும் இணைத்து முன்கூட்டியே நடுவர் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் சாதாரண மூடியும் கண்ணால் காணும் சைகையும் கொண்டு பயிற்சி எடுக்க அவகாசம் இருக்கும்.

வாங்கிய பிறகு

நுரை அடைப்பானைச் செருகத் தெரியாமல் செருகினால், எண் எதுவானாலும் பயன் பாதிகூட இருக்காது. விரல்களுக்கு நடுவே மெல்லிய திரிபோல மடிப்பு விழாமல் உருட்டுங்கள். மறுகையால் தலைக்கு மேலாகக் காதுமடலைப் பிடித்து மேலும் பின்னும் இழுங்கள். அடைப்பானை உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உள்ளங்கைகளால் இரு காதுகளையும் பொத்தித் திறந்து பாருங்கள். பொத்தும்போதும் திறக்கும்போதும் ஒலியில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பஞ்சு வைத்துக்கொள்வது காப்பே அல்ல. என் இடக்காதின் 65 டெசிபலில் பெரும்பகுதி பஞ்சு வைத்துச் சுட்ட ஆண்டுகளில் போனது.

மூடியின் மெத்தை வியர்வையாலும் வெயிலாலும் இறுகி வெடிக்கும். மூடிய காரில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மாதம் ஒருமுறை விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். உடனே மீளாமல் பள்ளம் தங்கினாலோ தோலில் வெடிப்பு கண்டாலோ மெத்தையை மாற்றுங்கள். மாற்று மெத்தை தனியே கிடைக்காத மூடியை வாங்காமல் இருப்பது நல்லது. மயிர், தொப்பி விளிம்பு, முகக்கவசத்தின் கயிறு எதுவும் மெத்தைக்கு அடியில் இருக்கக் கூடாது.

சுட்டு முடித்த பிறகு காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல் கேட்டாலோ, பேச்சு பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தாலோ, அன்றைய காப்பு போதவில்லை. அது சிறிது நேரத்தில் அடங்கிவிட்டாலும் அடுத்த முறை இரட்டைக் காப்புக்கு மாறுங்கள். மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர்க் கேட்பிழப்புக்கான சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் தர வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுக்கும்போது பழைய தாளையும் நீங்கள் அணியும் மூடியையும் அடைப்பானையும் கையோடு கொண்டுபோங்கள். புதிய கோடு பழைய கோட்டிலிருந்து எந்த அதிர்வெண்ணிலாவது பத்து டெசிபல் இறங்கியிருந்தால், அதை நிபுணரிடம் காட்டி, அவர் கண்முன்னே இரண்டையும் அணிந்து காட்டி, இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.